புதுவை முதல் பிச்சாவரம் வரை வேனில் பத்து நாள்: இரவில் எங்கே நிறுத்துவது?

ஈரோட்டு_வேன்காரன் (ஜனவரி 3)

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்து 16ஆம் தேதி கிளம்பி, 26 வரை புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் என்று கரையோரமாகவே போகலாம் என்று எண்ணம். நான், மனைவி, ஒன்பது வயதுப் பெண், 68 வயது அம்மா. வண்டி பழைய டிராவலர். உள்ளே இரண்டு கட்டில், ஒரு சமையல் மேடை, 5 கிலோ சிலிண்டர், கேசட் டாய்லெட் (கழிவுப் பெட்டியைக் கழற்றிக் காலி செய்வது), 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் 400 வாட் சோலார். ஆர்.சி. புத்தகத்திலேயே கேரவன் என்று இருக்கிறது, அதனால் 'மாற்றம் செய்தது சட்டப்படி செல்லுமா' என்ற பழைய சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம்.

ஏற்காடு, வால்பாறை எல்லாம் இதில் போயிருக்கிறோம். கடல் பக்கம் இதுதான் முதல் தடவை. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது வேறு. ராத்திரி எங்கே தூங்குவது, தண்ணீர் எங்கே பிடிப்பது, சமையல் எப்படி. அம்மாவுக்குக் கடலைப் பார்த்துக்கொண்டே கண் விழிக்க வேண்டுமாம்.

பழைய_டிரைவர் (ஜனவரி 3)

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா? மஞ்சள் என்றால் புதுச்சேரிக்குள் நுழைய பர்மிட், வரி எல்லாம் தனி. வெள்ளை என்றால் கவலை இல்லை.

இரண்டாவது, புதுவைக் கடற்கரைச் சாலையில் நிறுத்திவிட்டுத் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாலை 6 மணியில் இருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டியே விட மாட்டார்கள், நடப்பவர்களுக்கு மட்டும்தான். அதைச் சுற்றியுள்ள பிரெஞ்சுத் தெருக்கள் எல்லாம் ஒருவழிப் பாதை, இரண்டு பக்கமும் பைக் நிற்கும், திருப்பத்தில் ஏழு மீட்டர் வண்டி மாட்டினால் ஊரே வேடிக்கை பார்க்கும். வண்டியை வெளியே விட்டுவிட்டு ஆட்டோவில் போய் வாருங்கள். ஞாயிறு என்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் வேறு.

டீசலைப் புதுச்சேரி எல்லைக்குள் நிரப்பிக்கொள்ளுங்கள், லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். எல்லை எங்கே என்பதுதான் கூத்து. ஈசிஆரில் வடக்கே இருந்து வந்தால் காலாப்பட்டு புதுச்சேரி, அப்புறம் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, முத்தியால்பேட்டை மறுபடியும் புதுச்சேரி. தெற்கே கன்னியக்கோயில் வரை புதுச்சேரி, அதைத் தாண்டித் தென்பெண்ணை ஆற்றுப் பாலம் ஏறினால் கடலூர். பாட்டில் எதையும் வண்டியில் வைத்துக்கொண்டு எல்லை தாண்ட வேண்டாம், சோதனைச் சாவடியில் படுக்கையைக் கூடப் புரட்டிப் பார்ப்பார்கள்.

ஈரோட்டு_வேன்காரன் (ஜனவரி 3)

வெள்ளை போர்டுதான் சார். பாட்டில் பிரச்சினை இல்லை, அம்மா கூட வருகிறார்!

கோவை_ரைடர் (ஜனவரி 4)

எதற்கு இவ்வளவு யோசனை? கடலூருக்குத் தெற்கே மீனவர் ஊர்களைத் தாண்டினால் காலி மணல்தான். நான் பைக்கில் போய் டென்ட் போட்டுத் தூங்கியிருக்கிறேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முதுநகர்க்காரி (ஜனவரி 4)

கோவை தம்பிக்கு: நீங்கள் தூங்கியது உங்களுக்குத்தான் காலி மணல். நான் கடலூர் முதுநகர், அப்பா, அண்ணன்கள் எல்லோரும் தொழிலுக்குப் போகிறவர்கள். அந்த மணலில்தான் வலை காய வைப்போம், வலை பார்ப்போம், கருவாடு போடுவோம். விடியற்காலை மூன்று மணிக்குப் படகை இறக்குகிற வழியில் ஒரு வேன் நின்றால் என்ன செய்வது? டென்ட் என்றால் எழுப்பிவிடலாம். வேனை?

வெளியூர்க்காரர் யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்வது எனக்குச் சிரிப்பாக இருக்கும். ராத்திரி நீங்கள் வந்ததும் ஊருக்குத் தெரியும். நாலு பேர் பார்த்து, பேசி, 'பையன் தூங்கிட்டுப் போகட்டும்' என்று விட்டிருப்பார்கள். உங்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

ஈரோட்டு அண்ணா, குடும்பத்தோடு வருவதால் சொல்கிறேன். எந்த மீனவர் ஊரிலும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. பொழுது சாய்வதற்கு முன்னால் போய் டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். ஊர்த் தலைவர், நாட்டார் யார் என்று கேளுங்கள். 'அம்மாவோட வந்திருக்கோம், ஒரு ராத்திரி நிறுத்திக்கலாமா, எந்த இடம் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை' என்று கேட்டால் போதும். பெரும்பாலும் கோயில் பக்கமாகவோ மீன் ஏலக்கூடத்துப் பக்கமாகவோ கை காட்டுவார்கள். அங்கே விளக்கு இருக்கும், மனுஷர் இருப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த ஊருக்குப் போங்கள். சுனாமி பார்த்த ஊர்கள், தானே புயல் பார்த்த ஊர்கள். ராத்திரியில் தெரியாத வண்டி நின்றால் எங்களுக்குத் தூக்கம் வராது.

கோவை_ரைடர் (ஜனவரி 4)

சரி அக்கா. ஒப்புக்கொள்கிறேன்.

பழைய_டிரைவர் (ஜனவரி 4)

அந்த அம்மா சொல்வதற்கு நானே சாட்சி. எட்டு வருஷம் முன்னால் ஒரு சவாரியில் கூட்டிப்போன குடும்பம் 'இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க, இன்னும் கொஞ்சம்' என்றது. நானும் போனேன். மேலே காய்ந்த மணல், முன்சக்கரம் அரை அடி இறங்கிவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், அரை அடி ஒரு அடி ஆயிற்று. அதைத்தான் செய்யக் கூடாது. கடைசியில் படகு இழுக்கிற டிராக்டரை ஊர்க்காரர்கள் கொண்டு வந்து இழுத்தார்கள். டீசலுக்கு மட்டும் காசு வாங்கினார்கள். ஆனால் நான் வண்டியைத் திருப்பியது ஒருத்தர் வலையின் மேல். அதற்கு அவர் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. நியாயமான பேச்சு.

மணல் தெரிகிற இடத்தில் முதலில் இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் புதைந்தால் வண்டியும் புதையும். சவுக்குத் தோப்பு ஓரம் என்றால் வேர் பிடித்திருக்கும், தரை கெட்டியாக இருக்கும். ஆனால் தோப்புக்கு எல்லாம் சொந்தக்காரர் உண்டு, அவரிடமும் கேட்க வேண்டும். காய்ந்த சவுக்குச் சருகில் அடுப்பு மட்டும் பற்ற வைத்துவிடாதீர்கள்.

நெய்வேலி_ஃபிட்டர் (ஜனவரி 5)

கரண்ட், தண்ணீர், உப்பு மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்று வருஷமாக இதே கரையில் வார இறுதிகளில் ஓட்டுகிறேன்.

தை மாதம் நல்ல தேர்வு, ஏசி வேண்டாம். இதையே சித்திரையில் கேட்டிருந்தால் வராதீர்கள் என்றே சொல்லியிருப்பேன். வேன் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்து ஆறு யூனிட் குடிக்கும். உங்கள் 400 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு யூனிட் தரும். 12 வோல்ட்டில் 200 ஆம்பியர் பேட்டரி என்றால் முழுக்க நிறைந்தாலே இரண்டரை யூனிட்டுக்கும் குறைவு. கணக்கு இடிக்கிறதா? மின்விசிறி, விளக்கு, செல்போன், சின்ன ஃப்ரிட்ஜ், இதற்குத் தாராளமாகப் போதும். இண்டக்‌ஷன் அடுப்பு ஆசையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். பகலில் காற்று கடலில் இருந்து வரும், ராத்திரியில் கரையில் இருந்து கடலுக்கு வீசும். கடலைப் பார்த்து ஜன்னலைத் திறந்தால் ஜில்லென்று காற்று வரும் என்று படுத்தால், பத்து மணிக்கு மேல் அது நின்றுபோகும். அப்புறம் பின்னால் இருக்கிற உப்பனாற்றுக் கழியில் இருந்து கொசுதான் வரும். கரைப்பக்க ஜன்னலில் வலை அடியுங்கள். இரண்டு பக்கமும் திறந்தால்தான் காற்று ஓடும்.

அம்மா கடலைப் பார்த்துக் கண் விழிக்க வேண்டும் என்றீர்கள். சூரியன் கடலில் இருந்துதான் எழும், ஜனவரியில் ஆறரை மணி வாக்கில். ஆறரையில் இருந்து ஏழரை வரை சொர்க்கம். எட்டரைக்கு அதே ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து தோசைக்கல் ஆகிவிடும். அதனால் காலைக்கு ஒரு இடம், பகலுக்கு ஒரு இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பகல் இடத்துக்கு நிழல் முக்கியம், கடல் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நிழலில் சோலார் வேலை செய்யாது, அது ஒரு தலைவலி.

தண்ணீர்: கரையோர போர்வெல் தண்ணீரில் உப்பு. குளிக்கவே சோப்பு நுரைக்காது. நான் கரைக்கு இறங்கும் முன்னால் உள்ளே, மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கமே தொட்டியை நிரப்பிவிடுவேன். குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன் தனியாக. நான்கு பேருக்கு 100 லிட்டர் என்பது ஒன்றரை நாள், அதுவும் சிக்கனமாக இருந்தால். கடலில் விளையாடிவிட்டு வரும் குழந்தையின் கால் மணலைக் கழுவுவதற்கே பாதி போய்விடும். வாசலில் ஒரு பக்கெட், ஒரு சாக்கு.

உப்பு: பேட்டரி முனையில் வாசலின் தடவுங்கள். கதவுக் கீல், ஸ்டெப்பு, சைலன்சர் எல்லாம் உப்புக்காற்றில் ஒரே வாரத்தில் துரு காட்டும். ஊர் திரும்பும் வழியிலேயே அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீரில் வாட்டர் வாஷ். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று தள்ளிப் போட்டு நான் ஒரு ஹேண்ட்பிரேக் கேபிளை இழந்தேன்.

லாட்ஜ்_போதும் (ஜனவரி 5)

படிக்கப் படிக்க எனக்கு ஒரே சந்தேகம். இவ்வளவு பாடு படுவதற்கு ஒரு ரூம் போட்டால் என்ன? ஆயிரம் ரூபாயில் கட்டில், ஃபேன், பாத்ரூம். பஸ்ஸில் வந்தால் ஜன்னல் சீட்டில் கடலும் தெரியும்.

நெய்வேலி_ஃபிட்டர் (ஜனவரி 5)

சார், நீங்கள் சொல்வதில் பாதி நான் செய்வதுதான். இரண்டு ராத்திரி வண்டி, மூன்றாவது ராத்திரி லாட்ஜ். அங்கே துணி துவைக்கலாம், பேட்டரி சார்ஜ் போடலாம், எல்லோரும் தலைக்குக் குளிக்கலாம். முக்கியமாக டாய்லெட் பெட்டியை அங்கே உள்ள கழிப்பறையில் காலி செய்யலாம், முதலிலேயே மேனேஜரிடம் சொல்லிவிட்டு. யாரும் இதைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை?

ஈரோட்டு_வேன்காரன் (ஜனவரி 5)

கேட்கக் கூச்சமாக இருந்தது. எங்களுடையது 20 லிட்டர் பெட்டி. நான்கு பேர். மலையில் போனபோது தங்கும் விடுதியில்தான் காலி செய்தோம்.

நெய்வேலி_ஃபிட்டர் (ஜனவரி 5)

நான்கு பேர் என்றால் ஒன்றரை நாளில் நிறையும். பகலில் பெட்ரோல் பங்க், ஹோட்டல் கழிப்பறையைப் பயன்படுத்தினால் இரண்டு நாள் தாங்கும். பெட்டியில் ஊற்றும் நீல மருந்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதிகமாகப் போனால் செப்டிக் டேங்கில் உள்ள பாக்டீரியா செத்துப்போகும், இடம் கொடுத்தவருக்குத்தான் நஷ்டம். கழியிலோ வாய்க்காலிலோ மணலில் குழி தோண்டியோ காலி செய்வதைப் பார்த்தேன் என்றால், மன்னிக்கவும், சண்டைக்கு வருவேன். அந்தக் கழியில்தான் நண்டும் இறாலும் பிடிக்கிறார்கள்.

முதுநகர்க்காரி (ஜனவரி 6)

இந்த ஒரு பதிவுக்காகவே நெய்வேலி அண்ணாவுக்கு எங்கள் வீட்டில் ஒரு நாள் சாப்பாடு.

அலையோரம் (ஜனவரி 6)

புதுவைக்காரன் நான். எங்கே மணல் இருக்கும், எங்கே இருக்காது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். எங்கள் ஊரில் 'ராக் பீச்' என்று படம் எடுத்துப் போடுகிறார்களே, அந்தக் கருங்கல் எல்லாம் கொட்டியது. என் சின்ன வயதில் தாத்தா சொல்வார், காந்தி சிலைக்கு முன்னால் மணலில் கபடி ஆடியதாக. 1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுக அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கில் இருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதைத் தடுத்துவிட்டது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடல் கரையைத் தின்றது. அரிப்பு நகர்ந்து நகர்ந்து கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் வரை போயிற்று. அங்கே எல்லாம் இப்போது கல் போட்டிருப்பார்கள், கரை விளிம்பில் வண்டியை நிறுத்த வேண்டாம்.

அகலமான மணல் வேண்டுமென்றால் துறைமுகத்துக்குத் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் வாருங்கள். அரிக்கமேடும் பக்கத்திலேயே இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானியரோடு வாணிபம் நடந்த இடம் என்று காட்டியது. பெரிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை, இரண்டு பழைய சுவரும் மாமரமும். ஆனால் ஆற்றங்கரை நிழல், பகல் சாப்பாட்டுக்கு நல்ல இடம்.

தேதியையும் கவனியுங்கள். தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணை, கெடிலம் இரண்டிலும் ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும், பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும். எரிச்சல் படாமல் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள், சுருளிக் கிழங்கு வாங்கி வேகவைத்துத் தின்னுங்கள். 26 அன்று புதுவைக் கடற்கரைச் சாலையில் குடியரசு தின அணிவகுப்பு, விடுமுறைக் கூட்டமும் சேரும். அன்றைக்கு ஊருக்குள் வராமல் திரும்பிவிடுங்கள்.

ஈரோட்டு_வேன்காரன் (ஜனவரி 20)

கடலூரில் இருந்து எழுதுகிறேன், வண்டியின் ஸ்டெப்பில் உட்கார்ந்துகொண்டு. நாலு நாள் ஓடிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன், பேட்டரி கம்மி.

முதல் ராத்திரி பெட்ரோல் பங்கில்தான். டேங்க் நிரப்பிவிட்டுக் கேட்டதும் லாரிகளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். ராத்திரி முழுக்க லாரி ரிவர்ஸ் எடுக்கிற கீக் கீக் சத்தம். அம்மா எழுந்து, 'இதுதான் உன் கடலா' என்றார். இரண்டாம் நாள் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சாயங்காலம் வரை இருந்தோம். செயின்ட் டேவிட் கோட்டையில் மிச்சம் இருப்பதைப் பெண்ணுக்குக் காட்டினேன். ஆங்கிலேயன் 1690இல் வாங்கிய கோட்டை என்று பெரிதாக ஆரம்பித்தேன், 'கோட்டை எங்கேப்பா?' என்றாள். மூன்றாம் ராத்திரி லாட்ஜ். நெய்வேலி சார் சொன்ன கணக்குப்படியே. தலைக்குக் குளித்த சுகத்தை எழுத முடியாது.

நேற்று ஆற்றுத் திருவிழாவில் மாட்டினோம். இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். கிழங்கு வாங்கினோம்.

இன்று முதுநகர் அக்கா சொன்ன மாதிரி ஒரு ஊரில் கேட்டோம். பெயர் எழுதவில்லை, எழுதினால் நாளைக்கே பத்து வண்டி போய் நிற்கும். பெரியவர் ஒருவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, 'கக்கூஸ் எங்க போகும்?' என்றுதான் முதல் கேள்வி கேட்டார்! பெட்டியைக் காட்டி விளக்கினேன். திருப்தி. கோயில் சுவர் ஓரம் நிறுத்தச் சொன்னார். ஒரே நிபந்தனை, கடல் பக்கம் விளக்குப் போடக் கூடாது, ஆமை முட்டையிட வருகிற காலம் என்றார்.

பழைய_டிரைவர் (ஜனவரி 20)

மீன் வாங்கினீர்களா? வேனுக்குள் பொரிக்காதீர்கள். மெத்தையில் ஏறிய வாசனை சித்திரை வரை போகாது.

ஈரோட்டு_வேன்காரன் (ஜனவரி 20)

சார், தாமதமாகச் சொல்லிவிட்டீர்கள். நெத்திலி.

ஈரோட்டு_வேன்காரன் (ஜனவரி 28)

வீடு வந்து சேர்ந்தாயிற்று. இனி வருபவர்களுக்காக மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஊரில் ஒரு ராத்திரி என்று போனவர்கள் மூன்று ராத்திரி இருந்தோம். விடியற்காலை மூன்றரைக்கு இன்ஜின் சத்தம், ஆட்கள் படகைத் தள்ளும் குரல். முதல் நாள் எரிச்சலோடு எழுந்தேன். அம்மா எனக்கு முன்னாலேயே எழுந்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். இருட்டில் படகு விளக்குகள் ஒவ்வொன்றாக உள்ளே போவதை எண்ணிக்கொண்டிருந்தார். சூரியன் வர இன்னும் மூன்று மணி நேரம். 'நீ தூங்கு, நான் பார்த்துக்கிறேன்' என்றார், ஏதோ அவர்தான் காவல் மாதிரி. ஏழரை மணிக்குப் படகுகள் திரும்பியதும் ஏலம். சங்கராவும் கிழங்கானும் கூடையில் துள்ளத் துள்ள. என் பெண் விலை கத்தக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பகலில் சவுக்குத் தோப்பு. சொந்தக்காரர் காசு வாங்கவில்லை, அடுப்பு மட்டும் கூடாது என்றார். அதனால் மதியச் சமையலைக் காலையிலேயே முடித்துவிடுவோம். பகல் பன்னிரண்டில் இருந்து மூன்று வரை படுக்கை, புத்தகம், பல்லாங்குழி. படத்தில் போட ஒன்றும் இல்லாத மூன்று மணி நேரம். மனைவிக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்தது அதுதானாம்.

பிச்சாவரத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போய்விட்டோம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழையும்போது வெயில் ஏறியிருக்கவில்லை. மதியம் போனவர்கள் முகம் சிவந்து திரும்பினார்கள். கிள்ளை போகும் சாலையில் கேபிள் ஒயர்கள் தாழத் தொங்குகின்றன, கூரையில் பேனல் வைத்திருப்பவர்கள் ஒருவரை முன்னால் நடக்க விட்டு ஓட்டுங்கள். எங்கள் பேனலில் ஒரு கீறல்.

லாட்ஜ்_போதும் சாருக்கு: மொத்தம் மூன்று ராத்திரி லாட்ஜில்தான் படுத்தோம். நீங்கள் முப்பது சதவீதம் ஜெயித்துவிட்டீர்கள்.

லாட்ஜ்_போதும் (ஜனவரி 28)

நெத்திலி வாசனையைச் சேர்த்தால் நாற்பது.

ஈரோட்டு_வேன்காரன் (ஜனவரி 29)

முதுநகர் அக்கா, ஒரு விஷயம். கிளம்பும் அன்று உங்கள் அண்ணி வந்து மீன் குழம்பு கொடுத்த தூக்கு எங்களிடமே இருக்கிறது. வெறும் தூக்கைத் திருப்பித் தரக் கூடாது என்று அம்மா பிடிவாதம். என்ன போட்டுக் கொண்டு வரட்டும்?

முதுநகர்க்காரி (ஜனவரி 29)

ஈரோடுதானே? மஞ்சள். பொடி வேண்டாம், கிழங்காக. ஏப்ரல் 15க்கு முன்னால் வாருங்கள். அதற்கு மேல் ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, குழம்புக்கு நல்ல மீன் கிடைப்பது கஷ்டம்.